கட்டர் வேலைக்கு யாரைக் கூப்பிடுவது? டர்பன் பக்கத்து வீடுகளுக்கு ஒரு ஒப்பீடு

ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடிந்து, புரட்டாசி விரதத்துக்கு வீட்டைக் கழுவித் துடைக்கும் யோசனை வரும்போதுதான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், இசிபிங்கோ பக்கத்தில் பாதிப் பேர் தலையைத் தூக்கிக் கூரை ஓரத்தைப் பார்க்கிறார்கள். பார்த்தால், கூரைத் தண்ணீரைப் பிடித்து இறக்கும் கட்டரில் செடி முளைத்து நிற்கும். உடனே குடும்ப வாட்சப் குரூப்பில் கேள்வி போகும்: கட்டருக்கு நல்ல ஆள் யாராவது தெரியுமா? அரைமணி நேரத்தில் நாலைந்து பதில் வந்துவிடும். பக்கி என்கிற சின்னப் பிக்கப் வண்டி வைத்திருக்கும் தெரிந்த பையன் ஒருவன், மெஷின் லாரியோடு வரும் கம்பெனி ஒன்று, போன வருஷம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர், அப்புறம் "இதுக்கெல்லாம் எதுக்குக் காசு, ஏணிய எடு" என்று ஒரு மாமா.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். புதிதாகக் கட்டர் போடுவது, ஒழுகுவதைச் சரிசெய்வது, வருஷா வருஷம் சுத்தம் செய்வது மூன்றும் தனித்தனி வேலை. ஒரே ஆளை மூன்றுக்கும் பிடித்துவைத்தால், ஏதாவது ஒன்றில் அதிகமாகக் கொடுப்பீர்கள், இல்லை ஏதாவது ஒன்று கெட்டுப்போகும்.

ஆட்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிடலாம், ஏனென்றால் கோட்டேஷன் கொடுப்பவர்களில் நிறையப் பேர் இதைப் போடுவதே இல்லை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரை என்றால் 50 மில்லிமீட்டர் மழைக்கு 5,000 லிட்டர், அதாவது முற்றத்தில் வைக்கிற பெரிய ஜோஜோ டாங்க் ஒன்று வழிய நிரம்பும். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது டர்பனைச் சுற்றிச் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே கூரைக்கு அது 30,000 லிட்டர். அப்படி ஒரு மழையை வீட்டுக் கட்டர் எதுவும் முழுசாகத் தாங்காது, தாங்கும் என்று யாராவது சொன்னால் அவர் விற்கத்தான் வந்திருக்கிறார். நல்ல வேலைக்காரர் செய்வது வேறு: கட்டரின் வெளி விளிம்பைப் பின் விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்த்தி வைப்பார். நிரம்பி வழிந்தாலும் தண்ணீர் முற்றத்துப் பக்கம் விழும், சுவருக்கும் சீலிங்குக்கும் உள்ளே போகாது. வீடு பார்க்க வரும் ஆளிடம் முதலில் இதைக் கேளுங்கள். யோசிக்காமல் பதில் சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.

இரண்டாவது கேள்வி, கட்டரிலிருந்து தரைக்கு வரும் குழாயான டவுன்பைப் வழியாக இறங்கும் தண்ணீர் எங்கே போகிறது என்பது. டர்பனில் கடலோர மேடுகளில் பெரியா சிவப்பு மணல் என்கிற மண் நிறைய இடத்தில் இருக்கிறது. காய்ந்திருக்கும்போது கெட்டியாக நிற்கும், ஒரே இடத்தில் தொடர்ந்து தண்ணீர் விழுந்தால் அரித்துக்கொண்டு போகும், சில சமயம் அப்படியே உட்கார்ந்துவிடும். சரிவில் கட்டின வீட்டில் டவுன்பைப்பை அஸ்திவாரத்தின் ஓரமாக விட்டுவிட்டுப் போவது, கட்டரே இல்லாமல் இருப்பதைவிட மோசம். கூரை முழுக்கப் பரவலாக விழவேண்டிய தண்ணீரை ஒரே மூலைக்குக் கொண்டுவந்து கொட்டுகிறீர்கள் இல்லையா? இன்னொரு கூட்டம் டவுன்பைப்பைச் சமையலறைக் கழிவுநீர் சாக்கடைக்குப் போகும் வாயான கல்லிக்குள் சொருகிவிடும். அது முனிசிபாலிட்டி விதிக்கு விரோதம். மழை நேரத்தில் தெருவில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு சாக்கடை வழிவதற்கு அதுவும் ஒரு காரணம். "அக்கா, இங்கேயே ஓட்டை இருக்கு, விட்டுடலாம்" என்று சொல்கிறவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

சரி, ஆட்களுக்கு வருவோம்.

முதலில் மெஷின் லாரி கம்பெனி. அலுமினியத் தகட்டைச் சுருளாகக் கொண்டுவந்து, வாசலிலேயே மெஷினில் விட்டு, வீட்டு நீளத்துக்கு ஒரே துண்டாகக் கட்டரை இழுத்து எடுப்பார்கள். நடுவில் இணைப்பே கிடையாது, மூலையிலும் டவுன்பைப் இறங்கும் வாயிலும் மட்டும்தான் ஒட்டு. கட்டர் ஒழுகுவது பெரும்பாலும் இணைப்பில்தான் என்பதால், புதிதாகப் போடுவதற்கு இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. இசிபிங்கோ, ப்ளஃப், உம்லாங்கா மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் இது இன்னும் முக்கியம். கால்வனைஸ் தகரம், அதாவது துத்தநாகம் பூசின தகடு, அங்கே வெட்டு விளிம்பிலும் ஆணித் துளையிலும் ஆரம்பித்துச் சீக்கிரமே துருவாகிவிடும், பெயிண்ட் பூசிய அலுமினியம் பல வருஷம் நிற்கும். ஆனால் அலுமினியத்தைச் சாதாரண இரும்பு ஸ்க்ரூவால் பிடித்துவிட்டுப் போனால் பிரயோஜனமில்லை, ஸ்க்ரூ துருப்பிடிக்கும், அதைச் சுற்றி அலுமினியமும் அரித்துப்போகும். எந்த ஸ்க்ரூ, எந்த ரிவெட் என்பது கோட்டேஷனில் எழுதியிருக்க வேண்டும்.

இவர்களிடம் குறை என்னவென்றால், சின்ன வேலைக்கு வரமாட்டார்கள். ஒரு மூலையில் சொட்டுகிறது என்று போன் செய்தால், வந்து பார்த்துவிட்டு "மொத்தத்தையும் மாத்திடலாம்" என்பார்கள். லாரியும் மெஷினும் நாலு ஆளும் வெளியே கிளம்புவதற்கே ஒரு செலவு இருக்கிறது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பாதி ஆயுள் மிச்சமிருக்கும் கட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. இன்னொன்று, மீட்டருக்கு இவ்வளவு என்று சொல்லும் விலையில் மூலைகள், டவுன்பைப், பழையதைக் கழற்றி எடுத்துப் போவது எல்லாம் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் விலையைக் குறைத்துச் சொல்லி, டவுன்பைப்பில் ஏற்றிவிடுவது பழைய வித்தை. 15 சதவீத வாட் சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு கோட்டேஷனை ஒப்பிடும்போது அதிலேயே ஏமாந்துவிடலாம்.

அடுத்து பக்கிக்காரர். பக்கியின் மேல் ஏணி, பின்னால் பில்டர்ஸ் வேர்ஹவுஸிலோ கேஷ்பில்டிலோ வாங்கின வெள்ளை பிவிசி துண்டுகள். சுத்தம் செய்வதற்கும், கழன்ற ப்ராக்கெட்டைத் திரும்ப அடிப்பதற்கும், ஒரு துண்டை மாற்றுவதற்கும் நான் எப்போதும் இவரைத்தான் சொல்வேன். கூப்பிட்ட வாரத்தில் வருவார், பக்கத்துத் தெருவில் இருப்பார், மழையில் ஒழுகினால் திரும்பக் கூப்பிட முடியும். இந்தக் கடைசி விஷயத்துக்கு நான் நிறைய மதிப்பு கொடுப்பேன்.

சிக்கல், இவரிடம் வீடு முழுக்கப் புதிதாகப் போடச் சொல்லும்போதுதான் வருகிறது. பிவிசி வெயிலில் நீளும். 12 மீட்டர் நீளத்துக்கு, குளிர்கால ராத்திரிக்கும் கோடைக் கூரைச் சூட்டுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அலுமினியம் 11 மில்லிமீட்டர் போல நீளும், பிவிசி அதைப்போல மூன்று மடங்கு. அதற்காகத்தான் பிவிசி இணைப்புத் துண்டுக்குள் ரப்பரும் இடைவெளிக்கு ஒரு கோடும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பார்க்காமல் இரண்டு துண்டையும் முட்ட வைத்து, மேலே சிலிகானை அப்பிவிட்டுப் போகிற ஆட்கள்தான் அதிகம். முதல் கோடையில் கட்டர் வளையும், இரண்டாவது கோடையில் சிலிகான் பிய்ந்துவிடும், மூன்றாவதில் பிவிசியே ஆகாது என்று நீங்களே முடிவுகட்டிவிடுவீர்கள்.

சிலிகான் என்றதும் ஒரு சின்ன சோதனை. பூசும்போது வினிகர் வாடை அடித்தால் அது தகரக் கட்டருக்குச் சேராது, அதிலிருந்து வெளிவரும் அமிலம் துத்தநாகப் பூச்சை அரிக்கும். உலோகத்துக்கு வாடை இல்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும். டியூபின் மேல் எழுதியிருக்கும். ஏணிக்குக் கீழே நின்று மூக்கை நீட்டினாலே தெரிந்துவிடும், மேலே ஏற வேண்டியதில்லை.

அப்புறம் குரங்கு. ஜோஹானஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு இது புரியாது. மாமரமோ லிச்சி மரமோ அவகாடோவோ இருக்கும் வீட்டில் குரங்குக் கூட்டம் கட்டர் விளிம்பைப் பிடித்துத் தாவித்தான் கூரைக்கு ஏறும். சாதாரணக் கட்டர் ஒன்று தண்ணீரும் சகதியும் நிரம்பினாலே மீட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோ கனம் வந்துவிடும், அதன்மேல் குரங்கும் தொங்கினால் ப்ராக்கெட் என்ன செய்யும்? ஒரு மீட்டருக்கு ஒரு ப்ராக்கெட் என்று போடுகிறவரிடம் 600 மில்லிக்கு ஒன்று போடச் சொல்லுங்கள். கூடுதலாக ஆகிற காசு பெரிதில்லை.

பெயிண்டர், கூரைக்காரர் என்று இன்னொரு வகை இருக்கிறது, "எல்லாத்தையும் சேர்த்துப் பண்ணித் தரேன்" என்பவர்கள். இவர்களில் இரண்டு பேரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூரை வேலைக்காரர் கட்டருக்கும் தகுதியானவர்தான், குறிப்பாகக் கட்டரைத் தாங்கும் ஃபேஷியா பலகை உளுத்துப்போயிருந்தால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். உளுத்த பலகையில் புதுக் கட்டரை அடித்தால் முதல் பெருமழையில் ஆணியோடு வந்துவிடும். மெஷின் கம்பெனிக்காரர்கள் சிலர் பலகையைத் தட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பலகையில் குத்திப் பாருங்கள், உள்ளே வழுக்கிக்கொண்டு போனால் முதலில் பலகை, அப்புறம்தான் கட்டர். ஓடோ தகடோ கட்டருக்குள் போதுமான அளவு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் கூரைக்காரர்தான் கவனிப்பார். பலகைக்கும் கட்டருக்கும் நடுவே தண்ணீர் இறங்கி, பலகையின் முகத்தில் பழுப்புக் கோடு கோடாகத் தெரிந்தால், கட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் ஒழுகல் நிற்காது. கோளாறு கூரை விளிம்பில் இருக்கிறது.

பெயிண்டர் விஷயத்தில் எனக்கு இரக்கமே கிடையாது. எங்கள் எதிர்வீட்டு அக்கா வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், கட்டரையும் "சரி பண்ணி"விட்டுப் போனார். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, மட்டும் தலைகீழ். டவுன்பைப் இருந்த மூலை உயரம், மறுமூலை பள்ளம். தீபாவளிக்கு முன்னால் பெய்த மழையில் தண்ணீர் முழுக்கப் படுக்கையறைப் பக்கம் தேங்கி, சீலிங் போர்டு தொப்பையாகத் தொங்கிவிட்டது. வாட்டம் என்பது மீட்டருக்கு 5 மில்லி இருந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத சரிவு. நூல் கட்டி, லெவல் வைத்துப் பார்க்கிறவரால்தான் அது முடியும். நூல் கட்டாமல் கட்டர் அடிக்க ஆரம்பித்தால் பேச்சே வேண்டாம், இறங்கச் சொல்லிவிடுங்கள்.

மாமா சொன்ன ஏணி யோசனையும் இருக்கிறதே. தரைவீடு, சமதளம், ஏணியைப் பிடிக்க இன்னொரு ஆள் என்றால் தாராளமாக நீங்களே சுத்தம் செய்யலாம். ஒரு கையுறை, ஒரு வாளி, ஒரு கரண்டி போதும், ஹோஸ் பைப்பால் கடைசியில் அலசிவிட வேண்டியதுதான். ஆனால் சாட்ஸ்வொர்த் வீடுகளில் பாதி மலைச்சரிவில் உட்கார்ந்திருக்கின்றன. வாசல் பக்கம் ஏழடி உயரம், பின்பக்கம் போய்ப் பார்த்தால் இரண்டரை மாடி. அந்தப் பின்பக்கத்துக்கு ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும். வருகிற ஆள் கம்பெனி என்றால், வேலையாட்கள் விபத்து நஷ்டஈட்டு நிதியில் பணம் கட்டியிருப்பதற்கான லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்கை வாட்சப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்கான கம்பெனிக்கு அது தயாராக இருக்கும். தனியாக வரும் பக்கிக்காரரிடம் அது இருக்காது, அவரை உயரமான பக்கத்துக்கு ஏற்றாமல் இருப்பதுதான் அவருக்கும் நல்லது உங்களுக்கும் நல்லது.

வருஷ ஒப்பந்தம் என்று மாதாமாதமோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ பணம் வாங்கிச் சுத்தம் செய்கிறவர்களும் வந்துவிட்டார்கள். தாத்தா பாட்டி மட்டும் இருக்கிற வீடு, பிள்ளைகள் ஜோஹானஸ்பர்க்கிலோ வெளிநாட்டிலோ என்றால் இது சரியான ஏற்பாடு. வேலைக்கு முன்னும் பின்னும் மேலிருந்து எடுத்த போட்டோ அனுப்ப வேண்டும் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குத் தேவையில்லை, வருஷத்துக்கு இரண்டு தடவை பக்கிக்காரரைக் கூப்பிட்டால் போதும். எந்த இரண்டு தடவை என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டர்பனில் மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை என்று நினைத்து டிசம்பர் லீவில் ஒரு தடவை சுத்தம் செய்வார்கள். பெரிய வெள்ளங்களைப் பாருங்கள்: 1987இல் செப்டம்பர் கடைசியில் வந்தது, 2019இலும் 2022இலும் ஏப்ரலில், ஈஸ்டரை ஒட்டி வந்தது. ஆக, கூழ் ஊற்றி முடிந்ததும் ஆகஸ்டில் ஒன்று, குட் ஃப்ரைடேக்கு முன்னால் மார்ச்சில் ஒன்று. ஆகஸ்டு காற்றில் உதிரும் இலையும் சேர்த்துப் போய்விடும்.

இலை தடுக்க மேலே வலை போடச் சொல்லி விற்பார்கள். மைனா டவுன்பைப் வாயில் கூடு கட்டுவதை அது தடுக்கும், அது உண்மை. பெரிய இலைகளையும் தடுக்கும். சின்னப் பூவும் தூசியும் உள்ளே போய் வலைக்கு அடியில் சேறாக உட்காரும், அடுத்த தடவை சுத்தம் செய்கிறவர் வலையையும் கழற்ற வேண்டியிருப்பதால் கூலி கூடும். சுத்தமே செய்ய வேண்டியதில்லை என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

ஒட்டிக் கட்டின வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு. பழைய முனிசிபாலிட்டி வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே கட்டர், டவுன்பைப் பக்கத்து வீட்டு மூலையில் இருக்கும். உங்கள் பாதியை மட்டும் அலுமினியமாக மாற்றினால், நடுவில் பழையதும் புதியதும் சேரும் இடத்தில் ஒட்டே நிற்காது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேசி இரண்டு பாதியையும் ஒரே கம்பெனிக்கு ஒரே நாளில் கொடுங்கள், லாரி ஒருமுறைதான் வரும், விலையும் பேசலாம். அவர் ஒத்துவரவில்லை என்றால் உங்கள் பாதிக்குத் தனி வாட்டமும் தனி டவுன்பைப்பும் போட்டு, நடுவில் மூடிவிடச் சொல்லுங்கள்.

அதே பழைய வீடுகளில் கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கும், கட்டரும் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாகவே இருக்கக்கூடும். தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸுக்கு 2008இல் தடை வந்தது, அதை அகற்றுவதற்கான புது விதிமுறைகள் 2020இல் வந்தன. கூரையோடு சேர்த்துப் பெரிய அளவில் எடுப்பதென்றால் தொழிலாளர் துறையில் பதிவுபெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரர்தான் வர வேண்டும், மேலே சொன்ன யாரும் அதற்கு ஆகாது. சுத்தியலால் உடைத்துப் பக்கியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போகிறேன் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள், ப்ரெஷர் வாஷர் வைத்து அந்தக் கூரையைக் கழுவ வருகிறவரையும்தான். நார் காற்றில் பறந்தால் மூச்சில் போவது உங்கள் வீட்டுக்காரர்கள் மட்டுமில்லை, தெருவே சேர்ந்துதான்.

டர்பனுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: ஜோஹானஸ்பர்க், பிரிட்டோரியாவை ஒட்டிய லெனேசியா, லாடியம் பக்கம் ஆலங்கட்டி மழை உண்டு, வெயிலில் பழசான பிவிசி அதில் விரிசல் விட்டுவிடும், அலுமினியம் நெளியும் ஆனால் ஒழுகாது. கேப் டவுனில் மழைக்காலமே குளிர்காலம்தான், அங்கே ஏப்ரலில் சுத்தம் செய்தாக வேண்டும்.

கடைசியாகப் பணம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் எஸ்டிமேட் கேட்டிருந்தால் அதற்கு ஒப்புக்கொள்ளாதவரை வேலைக்குப் பணம் கேட்க முடியாது, சொன்ன தொகையைத் தாண்டினால் திரும்பவும் உங்களிடம் கேட்க வேண்டும். புதிதாக வாங்கிப் போட்ட பொருளுக்கு ஆறு மாதம், ரிப்பேரில் மாட்டின பாகத்துக்கும் அதன் கூலிக்கும் மூன்று மாதம் உத்தரவாதம் சட்டத்திலேயே இருக்கிறது, கம்பெனி பெரிய மனதோடு தருவதில்லை. பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பது வழக்கம், பொருள் வாசலில் இறங்கின பிறகு கொடுக்கலாம். மிச்சத்தில் ஒரு பங்கை ஹோஸ் பைப் சோதனை முடியும்வரை வைத்திருங்கள்: உயரமான மூலையில் பைப்பைத் திறந்துவிட்டுப் பத்து நிமிஷம் ஓடட்டும், மூடின பிறகு கட்டருக்குள் எங்கேயும் குளமாக நிற்கக்கூடாது, இணைப்புகளின் அடியில் கை வைத்தால் ஈரம் இருக்கக்கூடாது. அந்த நேரத்தில் போனில் எடுக்கும் வீடியோவை அழிக்காதீர்கள். வீட்டு இன்சூரன்ஸ்காரர்கள் பராமரிப்பு இல்லாததால் வந்த சேதம் என்று சொல்லித்தான் பெரும்பாலும் கையை விரிப்பார்கள், தேதியோடு ஒரு வீடியோவும் ஒரு ரசீதும் இருந்தால் அவர்களிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.